பேரப்பிள்ளையின் பெயரும் பாட்டனாரின் நாவும்

குழந்தை பிறந்த வீட்டில் பெயரைப் பற்றிய மனஸ்தாபம் உண்டாவது நம் தேசத்தில் புதிய சங்கதி அன்று. அந்த மனஸ்தாபம் இக்காலத்தில் வந்து சேரும் வழிதான் புதியது. முன்னெல்லாம் பிள்ளை வீட்டார் தங்கள் குலதெய்வத்தின் பெயரையும், பெண் வீட்டார் தங்கள் குலதெய்வத்தின் பெயரையும் முன்வைத்து வாதாடுவார்கள், வாதாடுகிறவர்கள் பெரியவர்கள், பெற்ற இருவரும் அவ்விரு கட்சிகளுக்கும் நடுவே வாய் திறவாமல் நிற்பார்கள். இன்றைக்கோ குழந்தை வயிற்றில் இருக்கும்போதே கணவனும் மனைவியும் கைப்பேசியில் நூற்றுக்கணக்கான பெயர்களைப் பார்த்து, எண் ஜோதிடரிடம் எழுத்துகளைக் கூட்டிக் கழித்து, ஒன்றைத் தீர்மானித்து விடுகிறார்கள். பாட்டனார் காதில் அது விழும்போது ஆலோசனையாக விழுவதில்லை, அறிவிப்பாக விழுகிறது. கேட்டவருக்கு அது வாயில் நுழைவதில்லை, பொருள் விளங்குவதில்லை, வம்சத்தில் ஒருவருக்கும் இல்லாத பெயராகவும் இருக்கிறது. இந்த நிலையில் அவர் தம் அதிருப்தியை வாய்விட்டுச் சொல்லலாமா என்பது கேள்வி.

இதை அற்பமான குடும்ப விவகாரம் என்று ஒதுக்குவோர் உளர். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்ற தர்மமும், சொல்லால் ஒருவர் மனத்தைப் புண்படுத்தலாகாது என்ற தர்மமும், வயது முதிர்ந்தவன் தன் அதிகாரத்தைத் தானே கைவிடக் கற்க வேண்டும் என்ற தர்மமும் இந்த ஒரு சிறிய விஷயத்தில் வந்து முட்டிக்கொள்வதைப் போல வேறெங்கும் முட்டிக்கொள்வதை நான் கண்டதில்லை. பெரிய தத்துவப் பிரச்சினைகள் எல்லாம் பெரிய இடங்களில்தான் எழும் என்று யார் சொன்னார்கள்?

முதலில் பாத்தியதை யாருடையது என்று பார்ப்போம். வீட்டுச் சடங்குகளை வகுக்கும் கிருஹ்ய சூத்திரங்கள் நாமகரணம் என்னும் பெயரிடும் சடங்கைத் தந்தையின் கிரியையாகவே விதிக்கின்றன. பத்தாம் நாளிலோ பன்னிரண்டாம் நாளிலோ தந்தை பெயரிட வேண்டும் என்பது அவற்றில் பெரும்பாலானவற்றின் முடிபு. பெயரில் எத்தனை அசை இருக்கலாம், எந்த எழுத்தில் அது தொடங்கலாம் என்பன வரையில் நுணுகி நுணுகிப் பேசும் அந்த நூல்கள், பாட்டனாரின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. இதனால் அவரை மறந்துவிட்டார்கள் என்று கொள்ளலாகாது. பதஞ்சலி முனிவர் தம் மகாபாஷ்யத்தின் தொடக்கப் பகுதியில், இலக்கணம் கற்பதனால் உண்டாகும் பயன்களை எடுத்துரைக்குங்கால், மகனுக்கு இடும் பெயர் தந்தை வழியில் மூன்று தலைமுறை முன்னோரைத் தொடர்வதாகவும், பகைவரிடத்தில் வழங்காததாகவும் இருக்க வேண்டும் என்ற ஒரு பழைய விதியை எடுத்துக்காட்டுகிறார். அதாவது, பாட்டனாருக்கு வாக்கு இல்லை. அவருடைய பெயருக்கு இடம் உண்டு. காஞ்சியில் ஆண்ட பல்லவர்களைப் பாருங்கள்: முதலாம் மகேந்திரவர்மனுடைய மகன் முதலாம் நரசிம்மவர்மன், அந்த நரசிம்மவர்மனுடைய மகன் மறுபடியும் மகேந்திரவர்மன். நாட்டுக்கோட்டை நகரத்தாரிடையே மூத்த மகனுக்குத் தந்தையைப் பெற்றவரின் பெயரை இடும் வழக்கம் இன்றும் உறுதியாக இருந்து வருகிறது. நம் நாட்டின் வேறு பல பகுதிகளிலும், வேறு பல சமூகங்களிலும், சென்ற தலைமுறை வரையில் அது ஏறக்குறைய எழுதாத சட்டமாகவே இருந்தது. மாமனார் பெயரைச் சொல்லக்கூடாத மருமகள், தன் பிள்ளையை அந்தப் பெயரால் கூப்பிட முடியாமல், "தம்பி" என்றோ "ராசா" என்றோ கூப்பிட்டுக் காலம் தள்ளினாள் என்பதும், அதனால் எத்தனையோ கிழவர்கள் இறுதி வரையில் "தம்பி"யாகவே வாழ்ந்து மறைந்தார்கள் என்பதும் நாம் அறிந்தவையே.

அந்தச் சம்பிரதாயம் பாட்டனாருக்குச் செய்த பெரிய உபகாரம் என்னவென்றால், அவரைப் பேச வேண்டிய அவசியத்திலிருந்தே விடுவித்ததுதான். தமக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் திண்ணையில் வாளா வீற்றிருக்க, அவருடைய பெயர் தானாகவே தொட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டது. இன்று பெரும்பாலும் வழக்கம் போய்விட்டது, ஆசை போகவில்லை. பேரனுடைய பெயரைக் கேட்டு முகம் சுளிக்கும் கிழவரில் பாதிப் பேருக்குக் கோபம் அந்தப் பெயரின் மேல் இல்லை. தம் பெயர் அங்கே இல்லாமற் போனதின் மேல்தான் கோபம். அதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். "வாயில் நுழையவில்லை" என்பார்.

வேறு தேசங்களிலும் இந்தக் கதை நடந்துதான் இருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு 423 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரத்தில் அரிஸ்டோபனீஸ் அரங்கேற்றிய "மேகங்கள்" என்ற நாடகத்தில், குதிரையைக் குறிக்கும் சொல் சேர்ந்த பெருமிதமான பெயர் ஒன்று வேண்டும் என்று மனைவியும், சிக்கனத்தைக் குறிக்கும் தன் தந்தையின் பெயர்தான் வேண்டும் என்று கணவனும் பல நாள் போராடி, கடைசியில் இரண்டையும் ஒட்டவைத்து ஒரு பெயரைச் செய்து கொள்கிறார்கள். பிள்ளை வளர்ந்து குதிரைப் பைத்தியம் பிடித்துத் தகப்பனைக் கடனாளியாக்கி விடுகிறான். நாடகாசிரியர் சிரிப்பதற்காக எழுதினார். ஆயினும் நம் ஊரில் அப்பாவின் பெயரில் பாதியையும் அம்மாவின் பெயரில் பாதியையும் சேர்த்துப் பெயர் செய்கிறவர்கள் அந்தக் காட்சியை ஒருமுறை படிப்பது நல்லது.

சமய நூல்களில் இதற்கு நேரான இரண்டு நிகழ்ச்சிகள் எனக்குத் தென்படுகின்றன. அவை ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றுவதனால்தான் அவற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது, லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் வருவது. சகரியாவுக்கும் எலிசபெத்துக்கும் முதுமையில் பிள்ளை பிறக்கிறது. எட்டாம் நாள் விருத்தசேதனத்துக்குக் கூடிய சுற்றத்தார், தகப்பன் பெயரையே பிள்ளைக்கு வைக்கப் போகிறார்கள். தாய் குறுக்கிட்டு, யோவான் என்றுதான் பெயரிட வேண்டும் என்கிறாள். உடனே அவர்கள் சொல்வது என்ன? உன் உறவின்முறையில் இந்தப் பெயருள்ளவன் ஒருவனும் இல்லையே என்கிறார்கள். இன்றைக்கு எந்தப் பெயர் சூட்டு விழாவுக்குப் போனாலும் கூடத்தின் ஒரு மூலையில் கேட்கும் அதே வார்த்தை! தாயின் சொல்லோடு அவர்கள் அமையவில்லை. வாய் பேச முடியாமலிருந்த தகப்பனிடம் சைகையால் விசாரிக்கிறார்கள். அவர் எழுதுபலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, பிள்ளையின் பெயர் யோவான் என்று எழுதிக் காட்டுகிறார். அந்தக் கணத்தில் அவருடைய நாக்கு அவிழ்கிறது.

இரண்டாவது, ஹதீஸ் நூல்களில் காணப்படும் ஓர் அறிவிப்பு. நபிகள் நாயகம் அவர்களின் மகள் பாத்திமாவுக்கும் மருமகர் அலீக்கும் பிள்ளை பிறந்தபோது, அலீ அவர்கள் "ஹர்பு" என்று பெயரிட்டிருந்தார். போர் என்பது அதன் பொருள். பேரனைக் காண வந்த நாயகம் அவர்கள், என்ன பெயரிட்டீர்கள் என்று கேட்டறிந்து, அதை மாற்றி, நல்லவன், அழகன் என்று பொருள்படும் ஹஸன் என்ற பெயரை இட்டார்கள். இரண்டாம் பிள்ளை பிறந்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. அவர் ஹுஸைன் ஆனார். இங்கே பெயரை மறுத்தவர் பாட்டனார். மறுத்தது சரியே என்று அந்த அறிவிப்பை ஏற்போர் போற்றுகின்றனர்.

அங்கே சுற்றத்தார் ஆட்சேபித்தது தவறாகவும் இங்கே பாட்டனார் ஆட்சேபித்தது தர்மமாகவும் ஆனதன் காரணம் ஆட்களின் பெருமையில் மட்டும் இல்லை. லூக்காவின் கதையில் ஆட்சேபித்தவர்கள் நினைத்தது தங்கள் குலத்தை. குலத்தில் இல்லாத பெயர் குலத்துக்குக் குறைவு என்று கருதினார்கள். மற்றதில் பாட்டனார் நினைத்தது அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு வாழப்போகும் சிசுவை. போர் என்று அழைக்கப்படுவது அந்தக் குழந்தைக்கு நல்லதா என்பதே அங்கே எழுந்த வினா. தம் குலத்து முன்னோர் பெயரை இடவில்லையே என்ற வினா எழவே இல்லை. அதிருப்தியைச் சொல்ல நினைக்கும் பாட்டனார், பாட்டியார் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதில் அடங்கியிருப்பதாக நான் நினைக்கிறேன்: இந்தப் பெயரால் கஷ்டப்படப் போவது குழந்தையா, நானா?

இந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை காண்பது எளிதன்று. படித்தவர்களுக்கு அது இன்னும் கடினம். சம்ஸ்கிருதம் கற்ற ஒரு தாத்தா, பேத்திக்கு ஆர்த்தி என்று பெயரிடப் போகிறார்கள் என்று கேட்டவுடன், அந்தச் சொல்லுக்குத் துன்பம் என்றல்லவா பொருள் என்று அகராதியைப் புரட்டுவார். அவர் சொல்வது சரிதான். ஆனால் ஆர்த்தி என்ற பெயரைக் கேட்கும் நம் ஜனங்களுக்குக் கற்பூர தீபம் நினைவுக்கு வருகிறதே அல்லாமல் துன்பம் நினைவுக்கு வருவதில்லை. ஆயிரக்கணக்கான ஆர்த்திகள் பள்ளியில் படித்து, உத்தியோகம் பார்த்து, சௌக்கியமாக இருக்கிறார்கள். குழந்தையைத் துன்புறுத்துவது அகராதியில் உறங்கும் அர்த்தம் அன்று. பள்ளிக்கூடத்து மைதானத்தில் சக பிள்ளைகளின் காதில் அந்தப் பெயர் எப்படி ஒலிக்கிறது என்பதுதான். நடுவில் ஓர் எழுத்தை நீட்டினால் வசைச்சொல்லாகி விடும் பெயர், தெருவில் கூப்பிட்டால் வேறொன்றாகக் கேட்கும் பெயர், ஆறு மெய்யெழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆசிரியர் தினந்தோறும் தடுக்கி விழும்படி எண் கணிதத்துக்காகச் செய்த பெயர் ஆகியவற்றைப் பற்றிப் பெரியவர் எச்சரித்தால் அது அவருடைய கடமை. அது அனுபவத்தின் பங்கு; அதை மௌனத்தில் புதைப்பது பாசம் ஆகாது.

ஆனால் பெயர் விஷயத்தில் பெரியவர்களின் தீர்ப்பு எப்போதும் குழந்தையின் நலத்தையே நாடியது என்று சொல்வதற்கு நம் சரித்திரம் இடங்கொடுக்கவில்லை. அடுத்தடுத்துப் பெண் பிறந்த வீட்டில் "போதும்பொண்ணு" என்றும், "வேண்டா" என்றும் பெயரிட்டவர்கள் பெற்றவர்கள் மட்டுமா? பெரும்பாலும் அந்த யோசனையைச் சொன்னவர் கிழவியாகவே இருப்பார். மகாராஷ்டிரத்தில் சதாரா மாவட்டத்தில், வேண்டாதவள் என்று பொருள்படும் நகூசா என்ற பெயரைச் சுமந்துகொண்டிருந்த 280-க்கும் மேற்பட்ட சிறுமிகளுக்கு 2011-ல் ஒரு விழா எடுத்துப் புதிய பெயர் சூட்டினார்கள். ஒரு மாவட்டத்தில் அத்தனை பேர்! பெற்ற பிள்ளைகள் தவறித் தவறிப் போன வீட்டில், எமன் கண்ணில் படாதிருக்கக் குப்பை என்றும் பிச்சை என்றும் இட்டார்களே, அது வேறு. அது அச்சத்தில் பிறந்த அன்பு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பலாகாது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மனு ஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயத்தில் நாமகரணத்தைச் சொல்லும் இடத்தில், பிராமணனுடைய பெயர் மங்களத்தையும், க்ஷத்திரியனுடையது வலிமையையும், வைசியனுடையது செல்வத்தையும் குறிக்க வேண்டும் என்று விதித்துவிட்டு, சூத்திரனுடைய பெயர் இழிவைக் குறிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஒரு சிசுவின் பெயரைக் கேட்டவுடனே அதை எந்த இடத்தில் நிறுத்துவது என்று பிறருக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பதே அந்த விதியின் உட்கருத்து. அந்த ஸ்மிருதியை வெறுத்துப் பேசுகிற வீடுகளிலும் அதன் வாடை போகவில்லை. "நம்மவர்கள் பெயர் மாதிரி இல்லையே" என்று பாட்டனார் குறைப்படும்போது, அந்த "நம்மவர்கள்" என்பதன் எல்லை எதுவரை போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பல சமயங்களில் அது ஜாதியின் வேலியில் போய் நிற்கும். அப்படிப்பட்ட அதிருப்தியை வாய்விட்டுச் சொல்வது மட்டுமன்று, மனத்தில் வைத்திருப்பதும் பிழை.

பக்தியை முன்னிட்டுப் பேசும் பாட்டனார் ஒருவர் உண்டு. அவருடைய வாதம் இவையனைத்திலும் பலமானது. பெயரிடுவது மோக்ஷ சாதனம் என்பார் அவர். அஜாமிளன் தன் கடைசி மகனுக்கு நாராயணன் என்று பெயரிட்டிருந்ததனால் அல்லவா, மரண பயத்தில் அவனைக் கூவியழைத்து, எமதூதரிடமிருந்து தப்பினான் என்று பாகவதத்தை எடுத்துக்காட்டுவார். பெரியாழ்வார் ஒரு முழுப் பதிகத்தையே இதற்கென்று பாடி, துணிக்கும் காசுக்கும் ஆசைப்பட்டு மனிதர் பெயரை இடாமல் எம்பெருமான் திருநாமத்தை இடும்படி பெற்றோரை வேண்டவில்லையா என்பார். வேண்டினார், மெய்தான். ஆனால் அஜாமிளன் பெயரிட்டது தன் மகனுக்கு. ஆழ்வார் பேசியதும் பெற்றோரை நோக்கியே. கடைசிக் காலத்தில் பகவந் நாமம் தம் நாவில் வர வேண்டும் என்று விரும்பும் முதியவர், அந்த நாமத்தைத் தாமே சொல்லிப் பழகுவதை யார் தடுத்தார்கள்? பேரப்பிள்ளையைத் தம் ஸ்மரணைக்கு உபகரணமாக்கிக் கொள்ள வேண்டிய அவசியம் என்ன? மேலும், நாமகரணச் சடங்கு தாராளமானது. மாதத்தை ஒட்டிய பெயர், நக்ஷத்திரத்தை ஒட்டிய பெயர், உலக வழக்குக்கான பெயர் என்று ஒரே குழந்தைக்குப் பல பெயர்களை இட அது இடம் வைத்திருக்கிறது. வைதிக முறையில் விழா நடத்தும் வீட்டில், குலதெய்வத்தின் பெயரையோ மூதாதையின் பெயரையோ அவ்வாறு ஒரு பெயராகக் காதில் ஓதிவிட்டு, பள்ளிக்கும் பதிவுக்கும் உரிய பெயரைப் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். தவிர, தர்ப்பணம் செய்கிற வீட்டில், பிற்காலத்தில் பேரன் எள்ளும் நீரும் இறைக்கும்போது தந்தை, பாட்டன், முப்பாட்டன் ஆகிய மூவரின் பெயரையும் கோத்திரத்தோடு சொல்லித்தானே இறைக்கப் போகிறான்! பாட்டனாரின் பெயர் அவ்வளவு சுலபமாக அழிந்து போகாது.

இனி, பேச்சின் தர்மத்தைப் பற்றி. "உள்ளதைச் சொன்னேன், அதில் என்ன தப்பு?" என்பது அதிருப்தியைக் கொட்டிவிட்டவர்களின் வழக்கமான சமாதானம். வள்ளுவர் வாய்மைக்குச் சொன்ன இலக்கணத்தில், பிறர்க்குத் தீங்கு விளையாமை முன்னே நிற்கிறது. உண்மையைச் சொல், இனியதைச் சொல், இன்னாத உண்மையைச் சொல்லாதே, இனிய பொய்யையும் சொல்லாதே என்று மனுவும் ஓரிடத்தில் நெருக்கடியான ஒரு சந்து வழியைக் காட்டுகிறார். அதில் நுழைந்து செல்வது எப்படி என்பதை மட்டும் அவர் விளக்கவில்லை. விளக்கியவர் புத்தர் பெருமான். மஜ்ஜிம நிகாயத்தில் அபய ராஜகுமாரனோடு அவர் செய்த சம்வாதம் ஒன்று உண்டு. பிறர்க்கு இன்னாத சொல்லைத் ததாகதராகிய புத்தர் சொல்லுவாரா, மாட்டாரா என்று கேட்டு அவரை மடக்கிவிட வேண்டும் என்று வந்த ராஜகுமாரனின் மடியில் அப்போது ஒரு பச்சிளங்குழந்தை படுத்திருக்கிறது. அந்தக் குழந்தையையே புத்தர் உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். குழந்தை ஒரு குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் நீ என்ன செய்வாய் என்று கேட்கிறார். ரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுத்துவிடுவேன், ஏனெனில் குழந்தையின் மேல் எனக்குக் கருணை இருக்கிறது என்கிறான் அவன். அவ்வாறே, பொய்யானதைத் ததாகதர் சொல்வதில்லை; மெய்யாயினும் பயனற்றதைச் சொல்வதில்லை; மெய்யும் பயனும் உடையது கேட்பவருக்கு இன்னாததாக இருந்தால், அதைச் சொல்வதற்குரிய காலத்தை அறிந்து சொல்கிறார் என்று முடிக்கிறார் பெருமான்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு பாட்டனாரின் அதிருப்தியை அளந்து பாருங்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது அந்தப் பெயரைப் பற்றிய மெய்யே அன்று. அவரைப் பற்றிய செய்தி. பயன் உண்டா என்றால், பெயரை மாற்றக் கூடுமான காலத்தில் சொன்னால் ஒருவேளை உண்டு. தொட்டிலில் இட்டு, காதில் மூன்று முறை கூவி, சர்க்கரையும் கொடுத்தான பிறகு சொன்னால் ஒன்றும் இல்லை. பெற்றவள் அதை மறக்க மாட்டாள். பிரசவித்துப் பத்து நாள் ஆன ஒரு பெண்ணுக்கு, பிள்ளையைப் பற்றிய எந்தச் சொல்லும் தன்னைப் பற்றிய சொல்லாகவே கேட்கும் என்பதை நம் வீட்டுக் கிழவிகள் அறியாதவர்கள் அல்லர். அறிந்தும் சொல்வதுதான் வருத்தம்.

கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரில், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருடைய வீட்டு விழாவில் நான் இருந்தேன். பேரனுக்கு ஆத்விக் என்று பெயர். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு மொழி முதல் எழுத்தும் இறுதி எழுத்தும் கற்பித்த மனிதர் அவர். அந்தப் பெயர் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாதத்துக்கு முன்பே மகனைத் தனியே கூப்பிட்டு, "வேற ஏதாச்சும் யோசிச்சீங்களாப்பா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம், "இல்லப்பா, ரெண்டு பேருக்கும் இதான் புடிச்சிருக்கு" என்று பதில் வந்ததாம், அதோடு சரி. விழாவன்று தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் மஞ்சள் துண்டால் பெயரை எழுத வேண்டியவர் அவர்தான். எழுதும்போது ஒரு கணம் நிறுத்தி, "த்-க்கு அப்புறம் வி தானேம்மா?" என்று மருமகளைக் கேட்டார். "ஆமாம் மாமா. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நீங்க வேற செல்லப் பேரு வெச்சுக் கூப்பிடுங்க" என்றாள் அந்தப் பெண். "அதெல்லாம் வேண்டாம்மா. அவன் பேரு எதுவோ அதைத்தான் கூப்பிடணும். ரெண்டு நாள் போனா நாக்கு பழகிடும்" என்றார். முகத்தில் பெரிய மலர்ச்சி ஒன்றும் இல்லை. எழுதி முடித்ததும், விரலில் ஒட்டிய மஞ்சளைத் துண்டில் துடைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுக்கப் போய்விட்டார்.

அந்தச் செல்லப் பெயர் விஷயத்தில் அவர் காட்டிய கண்டிப்பு என்னைச் சிந்திக்க வைத்தது. நேரே குறை சொல்லாத பாட்டிமார் பலர் கையாளும் தந்திரம் அது: குழந்தையின் பெயரை ஒரு நாளும் உச்சரிக்காமல், தாங்கள் விரும்பிய பெயரைச் செல்லப் பெயராக்கி, ஊரெல்லாம் அதையே பரப்பி, நாலு வயதில் பிள்ளைக்குத் தன் பெயர் எது என்றே சந்தேகம் வரும்படி செய்துவிடுவார்கள். வாயால் சொல்லாத அதிருப்தி இவ்வாறு ஆயுள் முழுதும் சொல்லப்பட்டுக்கொண்டே இருக்கும். இதைவிட ஒரு நாள் கோபத்தில் கத்திவிடுவது மேல்.

அந்தத் தமிழாசிரியருடைய சொந்தப் பெயர் நல்ல தமிழ்ப் பெயர். அவர் தகப்பனார் ஆசையோடு இட்டது. 1916-ல் மறைமலையடிகள் வேதாசலம் என்ற தம் பெயரை மாற்றிக்கொண்டதிலிருந்து தொடங்கி, பின்னர் திராவிட இயக்கத்தின் வேகத்தில், ராமசாமிகளும் சுப்பிரமணியன்களும் தங்கள் பிள்ளைகளுக்கு இளங்கோவன் என்றும் அன்பழகன் என்றும் பெயரிட்ட காலம் ஒன்று இருந்ததே, அப்போது அந்தப் பிள்ளைகளின் பாட்டனார்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்! சாமி பெயர் இல்லாத பிள்ளைக்கு எப்படி அர்ச்சனை செய்வது என்று புலம்பிய கிழவிகள் எத்தனை பேரோ! அன்றைய அந்த நூதனப் பெயர்களைத் தாங்கியவர்களே இன்றைக்குப் பாட்டனார் ஸ்தானத்தில் அமர்ந்துகொண்டு, இந்தக் காலத்துப் பெயர்களைக் கண்டு தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக என் மனத்தில் நிற்பது ஆசிரம தர்மம் சொல்லும் ஒரு செய்தி. கிருஹஸ்தன் எப்போது வனம் புக வேண்டும் என்பதற்கு மனு ஸ்மிருதி தரும் அடையாளங்கள் இவை: தன் தோல் சுருங்குவதையும், தலை நரைப்பதையும், தன் பிள்ளைக்குப் பிள்ளை பிறந்திருப்பதையும் அவன் காணும்போது. பேரன் முகத்தைக் கண்ட அந்தக் கணமே கையை எடுக்க வேண்டிய கணம் என்று பழைய தர்மம் முடிவு செய்திருக்கிறது. அந்தக் கணத்திலேதான் நம் பாட்டனார் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார். வனம் இன்று எங்கே இருக்கிறது? காவிரிக்கரையிலும் இல்லை, வைகைக்கரையிலும் இல்லை. மகன் கட்டிய வீட்டின் முன்னறையில், தொலைக்காட்சிக்கும் தொட்டிலுக்கும் நடுவே போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் இக்காலத்து முதியவர் வானப்பிரஸ்தம் பயில வேண்டியிருக்கிறது. காட்டுக்குப் போனவனுக்கு இருந்த சௌகரியம் இவருக்கு இல்லை. தாம் விட்டுவிட்ட அதிகாரத்தைப் பிறர் செலுத்துவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பயிற்சியில் முதற் பாடம் பேரப்பிள்ளையின் பெயர். மகன் வாங்கும் மனையைப் பற்றியோ, பேரன் சேரும் பள்ளியைப் பற்றியோ அவர் நாளை வாயடக்க முடியுமா என்பது இந்த முதற் பாடத்தில் தெரிந்துவிடும்.

ஆகையால் அதிருப்தியைச் சொல்லலாகாது என்பதே என் தீர்ப்பு, குழந்தைக்கு நேரக்கூடிய தீங்கை மட்டும், பெயர் முடிவாகும் முன்னே, தனிமையில், ஒருமுறை சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். அரசாங்கமும் இதற்குக் கொஞ்சம் அவகாசம் வைத்திருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்துகொண்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதைத் தெரிவிக்க வேண்டியவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். ஒருமுறை பதிவான பெயரை மாற்றுவது வேறு கதை. அதற்கு அலைய வேண்டியிருக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பாட்டனாரிடம் அனுமதி கேட்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை என்பதனாலேயே அவரிடம் யோசனை கேட்பது அழகு. நீங்கள் தேர்ந்தெடுத்த மூன்று நான்கு பெயர்களை, விழாவுக்கு ஒரு மாதம் முன்னதாகவே எழுதிக் கொண்டுபோய் அவர் முன்னால் வையுங்கள். எது வாயில் நுழைகிறது என்று அவர் உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். தம் பேரனுடைய பெயரை அவர் முதன்முதலாக வாட்ஸ்அப் குழுவில் வந்த அழைப்பிதழில் படித்துத் தெரிந்துகொள்ளும்படி மட்டும் விட்டுவிடாதீர்கள்.